மூன்றடிப் பாதையில் கேமராவோடு ஏறியவர்கள்

அமெரிக்காவின் கொலராடோ, நியூ மெக்சிகோ மாநில எல்லையில் டோல்டெக் என்றொரு மலை இடுக்கு இருக்கிறது. அதன் விளிம்பில், ரயில் சுரங்கத்துக்குப் பக்கத்தில், ஒரு கல் தூண் நிற்கிறது. சுடப்பட்டு இறந்த அதிபர் கார்ஃபீல்டின் நினைவாக எழுப்பியது. 1881 செப்டம்பர் 26 அன்று கிளீவ்லாந்து நகரில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. அதே நாளில் பல ரயில் கம்பெனிகளைச் சேர்ந்த பயணியர் பிரிவு முகவர்கள் சிறப்பு ரயிலில் இந்த மலைக்கு வந்திருந்தார்கள். ரயிலை நிறுத்தி, இறங்கி, பாறை விளிம்பில் அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். பின்னர் அவர்கள் சங்கமே அந்தத் தூணை நட்டது.

பாதை போட்டு ஓராண்டுகூட ஆகாத இடம் அது. சரக்கு ஏற்றுவதற்காகப் போட்ட பாதைக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களே முதல் நினைவுச்சின்னம் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, சரக்கு நின்று, பாதையை மூட அனுமதியும் கிடைத்த நாளில், அதைக் காப்பாற்ற ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து கிளைத்தவர்கள்தான். ரயில் ஆர்வலர்களின் உல்லாசப் பயணங்கள் ஏதோ பொழுதுபோக்குக் கதை என்று ஒதுக்கப்படுவது உண்டு. ராக்கி மலைகளின் குறுகிய பாதைகளைப் பொறுத்தவரை அந்தப் பயணங்கள் இல்லாமல் வரலாற்றை எழுதவே முடியாது என்பது என் கருத்து. அவை எதைக் காப்பாற்றின, எதைப் பார்க்காமல் விட்டன என்ற இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

முதலில் பாதையைப் பற்றி. வில்லியம் ஜாக்சன் பால்மர் உள்நாட்டுப் போரில் வடதரப்புப் படைத்தலைவராக இருந்தவர். அவர் 1870இல் தொடங்கியது டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வே. தண்டவாளங்களுக்கு இடையே மூன்று அடி, அதாவது 914 மில்லிமீட்டர் என்று அவர் முடிவு செய்தார். நம் ஊட்டி மலை ரயிலின் மீட்டர் பாதையைவிடவும் இது குறுகலானது. அப்போது வேல்ஸ் நாட்டின் ஃபெஸ்டினியாக் கல்லுப்பலகைச் சுரங்க ரயில், ஏறக்குறைய இரண்டடி அகலப் பாதையிலேயே பெரும் பாரம் இழுத்துக் காட்டி உலகெங்கும் பொறியாளர்களின் கவனத்தை ஈர்த்திருந்தது. பாதை குறுகினால் மலையைக் குடையும் வேலை குறையும். வளைவுகளை நெருக்கமாகப் போடலாம். எஞ்சினும் பெட்டியும் சிறியவை, விலையும் மலிவு. வெள்ளிச் சுரங்கங்களை எட்ட அவசரப்பட்ட ஒரு கம்பெனிக்கு இது பொருத்தமான கணக்கு. 1881இல் டுராங்கோ ஊருக்கும், 1882இல் அங்கிருந்து 72 கிலோமீட்டர் தள்ளி மலைக்குள் இருந்த சில்வர்டனுக்கும் ரயில் போய்விட்டது.

அந்த வேகத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சான் யுவான் மலைகள் யூட் பழங்குடி மக்களுடையவை. 1873ஆம் ஆண்டு புருனோ உடன்படிக்கையில் அவை அவர்கள் கையைவிட்டுப் போயின. 1881இல் அன்கம்பாக்ரே யூட் மக்கள் படைக்காவலோடு யூட்டாவுக்கு அனுப்பப்பட்டார்கள். டுராங்கோவில் முதல் ரயில் ஊதியது அதே ஆண்டில்தான்.

காட்சியை விற்பதிலும் கம்பெனி தாமதிக்கவில்லை. வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற பெயர்பெற்ற புகைப்படக்காரரைத் தனி ரயிலில் ஏற்றி அனுப்பி, கண்ணாடித் தகடுகளில் மலையைப் படம் பிடிக்க வைத்தது. 'வட்டத்தைச் சுற்றி' என்று பெயரிட்டு, ஆயிரம் மைல் தூரம் மலைகளைச் சுற்றிவரும் டிக்கெட்டை விற்றது. டென்வருக்கு மேற்கே வேறொரு கம்பெனி ஜார்ஜ்டவுனில் 1884இல் முடித்த வளைவுப் பாதை இன்னும் பெரிய காட்சிப்பொருள் ஆனது. ஜார்ஜ்டவுனுக்கும் சில்வர் ப்ளூமுக்கும் இடையே நேர்த்தூரம் இரண்டு மைல். உயர வேறுபாடு அறுநூறு அடிக்கு மேல். ரயில் அதை அப்படியே ஏற முடியாது. அதனால் பாதை நாலரை மைல் நீளம் சுற்றி வளைந்து, ஏறக்குறைய 95 அடி உயரப் பாலத்தின் மீது தன் தலைக்கு மேலேயே கடந்து போகும். இதைப் பார்ப்பதற்கென்றே டென்வரிலிருந்து மக்கள் காலையில் கிளம்பி மாலையில் திரும்பினார்கள். அவர்கள் சுற்றுலாப் பயணிகள். பாலத்தை ரசித்தார்கள், எஞ்சின் எண்ணை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

எண்ணைக் குறிப்பவர்கள் வந்தது சரிவின் காலத்தில். 1893இல் வெள்ளியின் விலை விழுந்தது. பிறகு லாரியும் சாலையும் வந்தன. 1890இலேயே டென்வர் அண்ட் ரியோ கிராண்டேயின் முதன்மைப் பாதை அகலமாக்கப்பட்டிருந்ததால் குறுகிய பாதைகள் மூலைமுடுக்குக் கிளைகளாகச் சுருங்கின. 1937 ஏப்ரலில் டென்வருக்கும் லெட்வில்லுக்கும் இடையே ஓடிய கடைசிக் குறுகிய பாதைப் பயணி ரயில் நின்றது. 1939இல் ஜார்ஜ்டவுன் பாலம் பழைய இரும்புக்கு விற்கப்பட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில், 1938இல், டென்வரில் ராக்கி மவுன்டன் ரயில்ரோடு கிளப் தொடங்கப்பட்டது.

அமெரிக்காவில் அப்போது இது புதிய பழக்கம். ரயில் ஆர்வலர்கள் தாங்களே ஒரு ரயிலை வாடகைக்கு எடுத்து ஓட்டிய முதல் பயணமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1934 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் பே ரயில்ரோடு என்தூசியாஸ்ட்ஸ் அமைப்பு ஹூசாக் டனல் அண்ட் வில்மிங்டன் என்ற சிறு பாதையில் நடத்தியது. கொலராடோ கிளப்பின் பயணங்கள் போருக்குப் பிறகு வேகம் பிடித்தன. மே மாதக் கடைசியில் போர்வீரர் நினைவு நாளை ஒட்டிய விடுமுறையில் ஆண்டுதோறும் குறுகிய பாதையில் ஒரு சிறப்பு ரயில் என்பது ஏறக்குறைய மரபாகவே ஆனது. மலைமேல் பனி உருகிக்கொண்டிருக்கும். ஆறுகள் நிரம்பி ஓடும். பாதையோரம் வெள்ளைத் திட்டுகள் இன்னும் மீதியிருக்கும். மரப்பெட்டிகளோடு, நின்றபடி படம் எடுக்க வசதியாகத் திறந்த சரக்குப் பெட்டியும் கோக்கப்படும். கரித்தூள் கண்ணில் விழும் என்று தெரிந்தே எல்லோரும் அதில்தான் நெருக்கியடித்து நிற்பார்கள்.

அவர்கள் பார்க்க வந்தது எது? டோல்டெக் இடுக்கு உள்ள அதே பாதையில் வரும் கும்ப்ரெஸ் கணவாய் ஏற்றம் முதன்மையானது. சாமா ஊரிலிருந்து 10,015 அடி உயரத்திலுள்ள கணவாய் வரை, நூறு அடிக்கு நான்கடி வீதம் பாதை ஏறிக்கொண்டே போகிறது. பல்சக்கரம் கிடையாது, வழுக்கும் இரும்பின் மேல் இரும்புச் சக்கரத்தின் பிடிப்பை மட்டும் நம்பி ஏற வேண்டும். கே-36 வகை எஞ்சின்கள் பத்து, 1925இல் பால்ட்வின் கம்பெனி கட்டியவை, இத்தகைய ஏற்றங்களில் வேலை செய்தன. பெயரில் உள்ள 36 என்பது முப்பத்தாறாயிரம் பவுண்டு இழுவிசையைக் குறிக்கிறது. அவ்வளவு வலுவிருந்தும் நீண்ட சரக்கு ரயிலுக்கு ஒரு எஞ்சின் போதாது. ஒன்று தலையில் இழுக்க, இன்னொன்று பின்னால், கார்டு வண்டிக்கு முன்னால் இருந்து தள்ளும். வழியில் லொபாட்டோ என்ற உயரமான இரும்புப் பாலம். இரண்டு எஞ்சின்களும் தலையிலேயே கோக்கப்பட்ட ரயிலில், அவை ஒட்டிக்கொண்டு அதன்மேல் போனால் பாலம் பாரம் தாங்காது என்பதால் ஒன்றைக் கழற்றித் தனியாக முன்னே அனுப்பி, அக்கரையில் மறுபடி கோப்பார்கள். இது பாதுகாப்பு விதி. ஆனால் கேமராவோடு சரிவில் நிற்பவருக்கு இதைவிட அழகான காட்சி வேறில்லை.

இந்தப் பயணங்களில் ஒரு சடங்கு உருவானது. ஓர் அழகான வளைவில் ரயில் நிற்கும். எல்லோரும் இறங்கி மேட்டில் வரிசை கட்டுவார்கள். யாரும் வரிசைக்கு முன்னால் கால் வைக்கக் கூடாது. வைத்தால் நூறு பேர் கத்துவார்கள். காலி ரயில் பின்னோக்கிப் போய் வளைவுக்குள் மறையும். பிறகு ஊதல். வேகம் பிடித்து, புகையைக் கக்கிக்கொண்டு வந்து வரிசையைக் கடந்து போகும். மீண்டும் பின்னால் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொள்ளும். ஒரு நாள் பயணத்தில் இப்படிப் பல முறை.

இங்கே ஆய்வாளர் விழித்துக்கொள்ள வேண்டும். நல்ல ஃபயர்மேன் கரும்புகை விட மாட்டார். கரும்புகை என்றால் நிலக்கரி முழுதாக எரியவில்லை, காசு புகைபோக்கி வழியே போகிறது என்று பொருள். வேலை நாள் எஞ்சினின் மேலே பெரும்பாலும் மெல்லிய சாம்பல் நிறம்தான். சிறப்பு ரயில்களில் படம் நன்றாக வரவேண்டும் என்று வேண்டுமென்றே கரியை அள்ளிப் போட்டார்கள். எனவே நாம் பத்திரிகைகளிலும் காலண்டர்களிலும் பார்க்கும் கரும்புகைத் தூண் பல நேரம் படத்துக்காக எழுப்பியது. அலங்காரம் செய்த எஞ்சின், பொருத்தமில்லாத பெட்டி வரிசை, பிற்காலத்தில் பூசிய வண்ணம் என்று இன்னும் சில உண்டு. ஒரு படத்தைச் சான்றாக எடுக்கும் முன், அது வேலை நாள் படமா, விழா நாள் படமா என்று கேட்டே ஆக வேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடிகிறதென்றால் அதற்கும் காரணம் ஆர்வலர்கள்தான். ஓட்டோ பெர்ரி டென்வரில் தபால்காரராக வேலை பார்த்தவர். விடுமுறை கிடைத்த போதெல்லாம் ரயில் பாதையோரம் போய் நின்றார். அவர் எடுத்த ஏறக்குறைய இருபதாயிரம் படங்கள் இன்று டென்வர் பொது நூலகத்தில் இருக்கின்றன. படங்களின் அளவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவற்றோடு உள்ள குறிப்புகள். எஞ்சின் எண், சக்கர அமைப்பு, எத்தனை பெட்டிகள், எந்த இடம், என்ன தேதி, மணிக்கு எத்தனை மைல் வேகம் என்றுகூட எழுதியிருக்கிறார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒரு குறிப்பிட்ட எஞ்சின் எந்த மாதம் எந்தப் பாதையில் என்ன இழுத்தது என்று நம்மால் பின்தொடர முடிகிறது. கம்பெனிகளின் சொந்தப் பதிவுகள் பாதை மூடும்போது குப்பைக்குப் போன இடங்களில், இந்தத் தபால்காரரின் கையெழுத்து ஆவணமாக நிற்கிறது. கிளப்பும் சும்மா இருக்கவில்லை. மூடப்பட்ட சவுத் பார்க் பாதையைப் பற்றி எம். சி. புவர் எழுதிய பெரிய வரலாற்று நூலை 1949இல் கிளப்பே வெளியிட்டது.

பயணங்கள் காப்பாற்ற முடியாமல் போன பாதைகளில் ரியோ கிராண்டே சதர்ன் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஓட்டோ மியர்ஸ் 1890, 91இல் ரிட்ஜ்வேயிலிருந்து டுராங்கோ வரை 162 மைல் போட்டார். முடித்து இரண்டாண்டுக்குள் வெள்ளி விலை விழுந்தது. அதன்பின் அந்தக் கம்பெனி நிமிரவே இல்லை. 1931இலிருந்து, நீராவிப் பயணி ரயில் ஓட்டக் காசில்லாமல், பழைய கார்களின் உடலை எடுத்து ரயில் சக்கரம் பொருத்தித் தபாலும் சாமானும் சில பயணிகளும் ஏற்றி ஓட்டினார்கள். ஆடி அசைந்து போனதால் அவற்றுக்கு 'குதித்தோடும் வாத்து' என்று பெயர் விழுந்தது. போர்க்காலத்தில் அதே பாதை அணுகுண்டுத் திட்டத்துக்கான யுரேனியத் தாதுவைச் சுமந்தது என்பது பின்னால்தான் தெரிய வந்தது. போருக்குப் பிறகு ஆர்வலர்கள் இங்கே நீராவிச் சிறப்பு ரயில்களில் லிசர்ட் ஹெட் கணவாய் ஏறினார்கள். தபால் ஒப்பந்தம் போன பிறகு, கம்பெனி வாத்துகளில் இருக்கைகள் போட்டுச் சுற்றுலாவுக்கும் ஓட்டிப் பார்த்தது. போதவில்லை. 1951இல் ஓட்டம் நின்று, அடுத்த ஆண்டு தண்டவாளம் பிடுங்கப்பட்டது. கிளப் உறுப்பினர்கள் பணம் சேர்த்து 20ஆம் எண் எஞ்சினை வாங்கினார்கள். கோல்டன் ஊரிலுள்ள கொலராடோ ரயில்ரோடு மியூசியத்தில் அது நீண்ட காலம் குளிர்ந்தே கிடந்தது. முழுப் பழுதுபார்ப்புக்குப் பின் 2020இல் மீண்டும் நீராவி ஏறியது.

அந்த மியூசியம் உருவானதும் இந்த வட்டத்திலிருந்துதான். ராபர்ட் ரிச்சர்ட்சன் ஒஹையோவிலிருந்து வந்து அலமோசாவில் ஒரு விடுதி நடத்தினார். விடுதி முற்றத்தில் எஞ்சினும் பெட்டிகளும் சேர்த்தார். கம்பெனி தூக்கி எறிந்த காகிதங்களையும் பொறுக்கி வைத்தார். பாதை மூடுவதை எதிர்த்துச் செய்தித்தாள் அச்சிட்டு அனுப்பினார். 1881இல் கட்டிய 346ஆம் எஞ்சினை 1950இல் வாங்கினார். 1959இல் கோல்டனில் கொர்னீலியஸ் ஹாக் என்பவரோடு சேர்ந்து மியூசியம் திறந்தார்.

ஆர்வலர்களின் காசுதான் பாதைகளைக் காப்பாற்றியது என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. ஆண்டுக்கு ஒன்றிரண்டு சிறப்பு ரயில்களின் வாடகையால் ஒரு மலைப்பாதையின் ஸ்லீப்பர் கட்டைகளைக்கூட மாற்ற முடியாது. அலமோசா, டுராங்கோ இடையே ஓடிய 'சான் யுவான்' பயணி ரயில், ஆர்வலர்கள் எவ்வளவு கொண்டாடியும், 1951 ஜனவரி 31 அன்று நின்றது. மார்ஷல் கணவாய்ப் பாதை 1955இல் போனது. டுராங்கோ பாதை 1960கள் வரை தப்பியதற்கு முக்கியக் காரணம் எண்ணெய். ஃபார்மிங்டனில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைக்க, குழாய்களைக் கொண்டுபோக வேறு ரயில் இல்லை. நீளமான குழாய்களை ஏற்றிய வண்டிகள் இடைவெளி விட்டு, நடுவே வெற்றுத் தட்டு வண்டிகள் கோத்துக் கணவாய் ஏறின. சில்வர்டன் கிளை தப்பியதற்கோ ஹாலிவுட்டும் பொதுச் சுற்றுலாப் பயணிகளும் காரணம். 'எ டிக்கெட் டு டோமஹாக்', 'அரவுண்ட் த வேர்ல்ட் இன் எய்ட்டி டேஸ்' போன்ற படங்கள் அங்கே எடுக்கப்பட்டன. கோடை நாட்களில் குடும்பங்கள் வந்து ரயிலை நிரப்பின. அதை மூடக் கம்பெனி அனுமதி கேட்டபோது, மாநிலங்களிடை வணிக ஆணையம் 1962இல் மறுத்தது.

அப்படியானால் ஆர்வலர்கள் செய்தது என்ன? குழாய் வேலை ஓய்ந்து, 1968இல் கடைசிச் சரக்கு ரயில் போய், 1969இல் மூட அனுமதி கிடைத்த பிறகு அது தெரிந்தது. எந்தத் துண்டு காப்பாற்றத் தகுந்தது, அதில் எத்தனை பாலம், எந்த எஞ்சின் ஓடும் நிலையில் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி எங்கே, கரி ஏற்றும் கோபுரம் எங்கே என்று விரல்நுனியில் சொல்லக்கூடிய மக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் காட்டப் படங்கள் இருந்தன. அன்டோனிட்டோவிலிருந்து சாமா வரை 64 மைல், மாநில எல்லையைப் பதினொரு முறை கடக்கும் அந்தத் துண்டை, 1970இல் கொலராடோவும் நியூ மெக்சிகோவும் சேர்ந்து 5,47,120 டாலருக்கு வாங்கின. எஞ்சின்களும் நூற்றுக்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டிகளும் அதில் அடக்கம். அந்த இலையுதிர் காலத்தில் 483ஆம் எஞ்சினை எழுப்பி, தன்னார்வலர்கள் துணையோடு, துருப்பிடித்துக் கிடந்த பாதையில் வண்டிகளை நகர்த்தினார்கள். 1971இல் கும்ப்ரெஸ் அண்ட் டோல்டெக் என்ற பெயரில் பயணி ரயில் ஓடத் தொடங்கியது. சில்வர்டன் பாதை 1981இல் சார்லஸ் பிராட்ஷா என்பவர் கைக்குப் போய் இன்றும் ஓடுகிறது. ஜார்ஜ்டவுன் வளைவையும் பாலத்தையும் மாநில வரலாற்றுச் சங்கம் மறுபடி கட்டி 1984இல் திறந்தது. பழைய படங்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

படம் பிடித்த அந்தக் கண்கள் பார்க்காதது ஒன்று உண்டு. பாதையைக் கவனித்துக்கொண்ட கேங்மேன்கள் பெரும்பாலும் சான் லூயிஸ் பள்ளத்தாக்கையும் வடக்கு நியூ மெக்சிகோவையும் சேர்ந்த ஸ்பானிய மொழிக் குடும்பத்தார். சப்லெட், ஓசியர் போன்ற ஆளற்ற இடங்களில், கம்பெனி கட்டிக் கொடுத்த சிறு வீடுகளில், குளிர்காலம் முழுவதும் மனைவி மக்களோடு இருந்தார்கள். பனிச்சரிவை அகற்றியதும் கட்டை மாற்றியதும் அவர்கள். ஓட்டுநரும் ஃபயர்மேனும் சில படங்களில் கையசைக்கிறார்கள். கேங்மேன்கள் பெரும்பாலும் தூரத்தில், வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் உருவங்கள். எஞ்சினுக்கு எண்ணும் வேகமும் எழுதிய கைகள் இவர்கள் பெயரை அரிதாகவே எழுதின. இதை ஓட்டோ பெர்ரி மீதான குறையாக நான் சொல்லவில்லை. அவர் தன் நேரத்தை வேறொன்றுக்குக் கொடுத்தார், நன்றாகவே கொடுத்தார். ஆனால் ஒரு பாதையின் வரலாறு எஞ்சின்களின் பட்டியலாகச் சுருங்கிப்போனதற்கு இந்தப் பார்வையும் ஒரு காரணம்.

பாதுகாப்பதற்கும் விலை உண்டு. 2018இல் டுராங்கோவுக்கு அருகே பற்றிய காட்டுத்தீ ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. நிலக்கரி எஞ்சினின் தீப்பொறிதான் காரணம் என்று மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. ரயில் நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், 2022இல் இரண்டு கோடி டாலருக்கு உடன்பட்டது. எஞ்சின்களை எண்ணெயில் ஓடும்படி மாற்றினார்கள். கரியின் மணம் போய்விட்டதென்று வருந்தும் பழைய ஆர்வலர்கள் இருக்கிறார்கள். காடு வறண்டுவரும் நாட்டில் ரயில் தொடர்ந்து ஓட அதைத் தவிர வழியில்லை என்றே நான் நினைக்கிறேன்.

கும்ப்ரெஸ் பாதைக்கு 1988இல் தொடங்கிய நண்பர்கள் சங்கம் கோடைதோறும் தன்னார்வலர்களை வரவழைக்கிறது. சம்பளமில்லாமல் பெட்டிகளுக்கு வண்ணம் பூசுகிறார்கள், மரப்பலகை மாற்றுகிறார்கள், பழைய வீடுகளின் கூரையைச் சரிசெய்கிறார்கள். 2012இல் அந்தப் பாதை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

எந்த மலை ரயிலையும் படம் எடுக்கப் போகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தேதியும் இடமும் எஞ்சின் எண்ணும் எழுதுங்கள். கூடவே, ஓட்டுபவரிடமும் பாதையில் சுத்தியலோடு நடப்பவரிடமும் பெயரைக் கேட்டு அதையும் எழுதி வையுங்கள்.